கால்பந்து உலகக் கோப்பை 2026: நம்மூர் கடிகாரத்துக்கு அட்டவணை போடுவது எப்படி

அர்ஜென்டினா – அல்ஜீரியா மேட்ச், ஜூன் 16, செவ்வாய்க்கிழமை, கன்சாஸ் சிட்டி. இதை அப்படியே காலண்டரில் எழுதி வைத்தவர்கள் இரண்டு விதமாக ஏமாறப் போகிறார்கள். ஒருவர் செவ்வாய் காலையில் டிவியைப் போட்டுவிட்டு ஒன்றுமே இல்லையே என்று உட்கார்ந்திருப்பார், இன்னொருவர் செவ்வாய் ராத்திரி முழுக்க விழித்திருந்து விடியற்காலையில் தூங்கிப்போவார். நம் நேரத்தில் அந்த மேட்ச் ஜூன் 17, புதன்கிழமை காலை 6:30. நன்றாகத் தூங்கி எழுந்து, பல் தேய்த்து, கையில் காபியோடு பார்க்கக்கூடிய மேட்ச் அது.

இந்த உலகக் கோப்பைக்கு நாம் செய்ய வேண்டிய ஏற்பாட்டில் பாதி இந்தக் குழப்பத்தைத் தீர்ப்பதுதான். மீதிப் பாதி, எந்த மேட்சை விடுவது என்று இப்போதே முடிவு செய்வது. எதைப் பார்ப்பது என்று பட்டியல் போடுவது எல்லோருக்கும் இனிக்கும், விடுவதுதான் கஷ்டம். ஆனால் அதைச் செய்யாமல் போனால் முதல் வாரத்திலேயே உடம்பு சோர்ந்து, கடைசியில் அரையிறுதி அன்றைக்குத் தூங்கிவிடுவோம். 2014இல் எனக்கு நடந்தது அதுதான், அதை அப்புறம் சொல்கிறேன்.

முதலில் நேரம்

மேட்சுகள் நடப்பது மூன்று நாடுகளில், 16 நகரங்களில். அமெரிக்காவில் 11, மெக்சிகோவில் 3, கனடாவில் 2. இவை நான்கு நேர மண்டலங்களில் கிடக்கின்றன, அதனால் "அமெரிக்க நேரம்" என்று ஒன்று கிடையாது. எந்த நகரத்து மேட்ச் என்று பார்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். அதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது, பேப்பர் பேனா கூட வேண்டாம்.

நியூ ஜெர்சி, பாஸ்டன், ஃபிலடெல்ஃபியா, அட்லாண்டா, மயாமி, டொராண்டோ ஆகிய கிழக்குப் பக்க நகரங்களின் நேரம் நம்மைவிட ஒன்பதரை மணி நேரம் பின்னால். அங்கே மதியம் 3 மணி என்றால் மதியத்தை அதிகாலையாக்குங்கள், அதாவது அதிகாலை 3, அதிலிருந்து இரண்டரை மணி நேரம் கழியுங்கள், 12:30. நள்ளிரவு தாண்டியிருப்பதால் தேதி அடுத்த நாள். டாலஸ், ஹூஸ்டன், கன்சாஸ் சிட்டி என்றால் அதே மாதிரி மாற்றிவிட்டு ஒன்றரை மணி நேரம் கழிக்க வேண்டும். மெக்சிகோவின் மூன்று நகரங்களுக்கும் (மெக்சிகோ சிட்டி, குவாடலஹாரா, மான்டெர்ரே) அரை மணி நேரம் கழித்தால் போதும், ஏனென்றால் மெக்சிகோ 2022இலேயே கோடைக்காலத்தில் கடிகாரத்தை முன்னே தள்ளும் வழக்கத்தைப் பெரும்பாலான இடங்களில் கைவிட்டுவிட்டது. மேற்குக் கரையில் இருக்கும் லாஸ் ஏஞ்சலஸ், சான் ஃபிரான்சிஸ்கோ பகுதி, சியாட்டில், வான்கூவர் நான்குக்கும் கழிக்கவே வேண்டாம், அரை மணி நேரம் கூட்டுங்கள். அங்கே ராத்திரி 9 மணிக்கு ஆரம்பித்தால் நமக்கு அடுத்த நாள் காலை 9:30.

இலங்கையில் இருப்பவர்களுக்கும் இதே கணக்குதான், இரண்டு இடத்துக்கும் ஒரே நேரம். சிங்கப்பூர், மலேசியா என்றால் நம் நேரத்தோடு இரண்டரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள், துபாய் என்றால் ஒன்றரை கழியுங்கள். டொராண்டோ தமிழர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை, அவர்கள் ஊரிலேயே ஆறு மேட்ச், கனடாவின் முதல் மேட்சே ஜூன் 12 வெள்ளி மதியம் அங்கேதான்.

இன்னொரு தவறு அலாரத்தில் நடக்கும். தொடக்க மேட்ச், மெக்சிகோவும் தென்னாப்பிரிக்காவும், நமக்கு ஜூன் 12 வெள்ளி அதிகாலை 12:30. அதாவது வியாழன் ராத்திரி சாப்பிட்டுவிட்டு விழித்திருந்தால் வருவது. "12 வெள்ளி" என்று எழுதி வைத்துவிட்டு வெள்ளி ராத்திரி காத்திருப்பவர்கள் ஒரு நாள் பிந்திவிடுவார்கள். இதற்கு என் வழி, நள்ளிரவு தாண்டிய மேட்ச் எல்லாவற்றையும் "வியாழன் ராத்திரி 12:30" என்று, படுக்கப்போகும் நாளின் பெயரில் எழுதுவது. விடியற்காலை 5 மணிக்கு மேல் என்றால் எழுந்திருக்கும் நாளின் பெயரில் எழுதுவது. காலண்டர் கணக்குப்படி இது சரியில்லை, ஆனால் தூங்குகிற மனிதனுக்கு இதுதான் புரியும். போன் காலண்டரில் மட்டும் சரியான தேதியைப் போடுங்கள், சுவரில் ஒட்டும் தாளில் இப்படி எழுதுங்கள். ஆமாம், தாள் வேண்டும். வீட்டில் இருக்கிற மற்றவர்களுக்கும் நீங்கள் எந்த ராத்திரி எந்த நிலைமையில் இருப்பீர்கள் என்று தெரிய வேண்டுமே.

104 மேட்சில் உங்களுடையது எவ்வளவு

இந்த முறை 48 அணிகள், 12 குரூப், மொத்தம் 104 மேட்ச். 2022இல் கத்தாரில் 64தான். அப்போது நமக்கு மாலை 3:30, 6:30, 9:30 என்று மேட்ச் வந்துகொண்டிருந்தது, தூக்கம் கெட்டது 12:30 மேட்சுக்கு மட்டும். 2018 ரஷ்யா அதைவிடச் சௌகரியம். அந்தப் பழக்கத்தில் இந்தக் கோப்பைக்குள் இறங்காதீர்கள். ஜூன் 11 முதல் ஜூலை 19 வரை 39 நாள், பெரும்பாலான மேட்ச் நம் ராத்திரியில்.

என் கணிப்பில், வேலைக்குப் போகிற ஒருவர் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் முழுசாகப் பார்க்கக்கூடியது 30, 35 மேட்ச். கல்லூரி விடுமுறையில் இருப்பவர் இன்னும் கொஞ்சம் பார்க்கலாம். அந்த 30இல் பாதியை, தோற்றால் வெளியேற வேண்டிய நாக் அவுட் சுற்றுகளுக்கு ஒதுக்கி வையுங்கள். குரூப் கட்டத்தில் மட்டும் 72 மேட்ச் இருக்கிறது, 48இல் 32 அணிகள் அடுத்த சுற்றுக்குப் போய்விடும், ஒவ்வொரு குரூப்பிலும் முதல் இரண்டு, அதோடு மூன்றாமிடம் பிடித்த 12 அணிகளில் சிறந்த 8. ஒரு மேட்ச் தோற்றதும் வெளியேற்றம் என்ற பதற்றம் முன்பு மாதிரி இருக்காது. அதனால் இரண்டாம் ரவுண்டு குரூப் மேட்சுகளை (ஒவ்வொரு அணிக்கும் குரூப்பில் இரண்டாவது மேட்ச்), உங்கள் சொந்த அணி ஆடுவது தவிர, மனதைக் கல்லாக்கிக்கொண்டு விட்டுவிடலாம் என்பது என் கருத்து. மறுநாள் ஹைலைட்ஸ் போதும்.

எந்த நேரத்து மேட்ச் எவ்வளவு தூக்கத்தைத் தின்னும் என்று பாருங்கள். ராத்திரி 9:30, 10:30 மேட்ச் பிரச்சினையே இல்லை, 12:30 வாக்கில் படுத்துவிடலாம். காலை 5:30, 6:30, 7:30 மேட்சும் அப்படித்தான், சீக்கிரம் படுத்தால் போதும், உண்மையில் இந்தக் கோப்பை நமக்குத் தரும் பெரிய வரமே இந்தக் காலை மேட்சுகள்தான். விடியற்காலை 3:30 மேட்ச் பயமாகத் தெரியும், ஆனால் 9:30க்குப் படுத்தால் ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் ஒரே மூச்சில் தூங்கியிருப்பீர்கள், எழுந்து பார்த்துவிட்டு அப்படியே அன்றைய நாளைத் தொடங்கலாம். மோசமானது 12:30, 1:30 இரண்டும்தான். முன்னால் தூங்கவும் நேரம் இல்லை, முடிந்தபின் ஆட்டம் மனதில் ஓடிக்கொண்டிருப்பதால் உடனே தூக்கமும் வராது, ராத்திரி இரண்டாக வெட்டப்படும். அந்த நேரத்து மேட்சை வாரத்துக்கு இரண்டுக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள். அடுத்தடுத்த ராத்திரிகளில் வைக்கவே வைக்காதீர்கள்.

இதை வைத்துப் பார்த்தால் எந்த அணியின் ரசிகருக்கு எப்படி என்று தெரிந்துவிடும். அர்ஜென்டினாக்காரர்களுக்கு அதிர்ஷ்டம்: முதல் மேட்ச் புதன் காலை 6:30, ஆஸ்திரியாவோடு ஜூன் 22 திங்கள் ராத்திரி 10:30, ஜோர்டானோடு ஜூன் 28 ஞாயிறு காலை 7:30. ஒரு ராத்திரித் தூக்கம் கூடக் கெடாமல் மெஸ்ஸி அணியின் மூன்று குரூப் மேட்சையும் பார்த்துவிடலாம். போர்ச்சுகலும் அதே மாதிரி, ஜூன் 17, 23 இரண்டு நாளும் ராத்திரி 10:30, கொலம்பியாவோடு மோதுவது ஞாயிறு 28 காலை 5 மணி. ஸ்பெயினுக்கு இரண்டு மேட்ச் ராத்திரி 9:30க்கு (கேப் வெர்டியோடு 15 திங்கள், சவூதி அரேபியாவோடு 21 ஞாயிறு), உருகுவேயோடு 27 சனி காலை 5:30. பிரேசில் ரசிகர்கள் கொஞ்சம் சிரமப்பட வேண்டும், மொராக்கோவோடு ஜூன் 14 ஞாயிறு விடியற்காலை 3:30, ஸ்காட்லாந்தோடு 25 வியாழன் அதே 3:30. பாவம் இங்கிலாந்து ரசிகர்கள்தான்: குரோஷியாவோடு புதன் ராத்திரி 1:30, கானாவோடு அடுத்த செவ்வாய் ராத்திரி 1:30, பனாமாவோடு சனி ராத்திரி 2:30. மூன்றும் நடுராத்திரி. அவர்கள் இப்போதே மேலாளரிடம் பேசிவிடுவது நல்லது.

சொந்த அணி ஆடாவிட்டாலும் விடக்கூடாது என்று நான் குறித்து வைத்திருப்பவை சில. நார்வே – பிரான்ஸ், ஜூன் 26 வெள்ளி ராத்திரி 12:30, நார்வேயின் எர்லிங் ஹாலண்டும் பிரான்ஸின் எம்பாப்பேயும் எதிரெதிரே, மறுநாள் சனிக்கிழமை, எனவே அந்த மோசமான நேரத்தைச் செலவழிக்கத் தகுதியான மேட்ச். அப்புறம் முதன்முறையாக உலகக் கோப்பைக்கு வரும் அணிகள்: கேப் வெர்டி, குராசாவ், ஜோர்டான், உஸ்பெகிஸ்தான். குராசாவ் ஒன்றரை லட்சம் பேர் மட்டும் வாழும் தீவு, இதுவரை உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்ற நாடுகளிலேயே மக்கள்தொகையில் மிகச் சிறியது. அவர்கள் முதல் மேட்சே ஜெர்மனியோடு, ஜூன் 14 ஞாயிறு ராத்திரி 10:30. ஜெர்மனி அடித்துத் துவைத்தாலும் பரவாயில்லை, அந்தப் பையன்கள் தேசிய கீதத்துக்கு வரிசையில் நிற்பதை நான் நேரடியாகப் பார்க்க வேண்டும்.

ஒரே நேரத்தில் இரண்டு மேட்ச் வரும் நான்கு நாள்

ஒவ்வொரு குரூப்பிலும் கடைசி ரவுண்டின் இரண்டு மேட்சும் ஒரே நேரத்தில் தொடங்கும். அங்கே ஜூன் 24 முதல் 27 வரை, நாளுக்கு ஆறு மேட்ச். இந்த வழக்கத்துக்குக் காரணம் 1982 உலகக் கோப்பை. ஸ்பெயினில் கிஹோன் என்ற ஊரில் மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் கடைசியாக மோதின, அதே குரூப்பில் இருந்த அல்ஜீரியா தன் மேட்சை முந்தின நாளே முடித்திருந்தது. ஜெர்மனி ஒரு கோல் வித்தியாசத்தில் ஜெயித்தால் இரண்டு அணியும் உள்ளே, அல்ஜீரியா வெளியே. பத்தாவது நிமிடத்தில் ஜெர்மனி ஒரு கோல் போட்டது, அதோடு இரண்டு அணியும் ஆடுவதை நிறுத்திவிட்டு நடுவில் பந்தை உருட்டிக்கொண்டிருந்தன. 1986 முதல் கடைசி மேட்சுகள் ஒரே நேரத்தில். இப்போது பாருங்கள், இந்த முறை ஜே குரூப்பில் அதே அல்ஜீரியாவும் அதே ஆஸ்திரியாவும் கடைசி ரவுண்டில் மோதுகின்றன, கன்சாஸ் சிட்டியில், நமக்கு ஜூன் 28 ஞாயிறு காலை 7:30, அர்ஜென்டினா – ஜோர்டான் ஆடும் அதே நேரம். 44 வருஷம் கழித்து இப்படி அமைந்திருக்கிறது. அர்ஜென்டினா ஏற்கெனவே தகுதி பெற்றிருந்தால் நான் டிவியில் அல்ஜீரியாவைத்தான் வைப்பேன்.

அந்த நான்கு நாளுக்கும் ஏற்பாடு இது: முக்கியமான மேட்ச் டிவியில், மற்றது போனில் சத்தம் இல்லாமல். போனில் வரும் ஸ்ட்ரீமிங் டிவியைவிட சில விநாடிகள், சில நேரம் அரை நிமிடத்துக்கு மேல்கூடப் பிந்தும், எனவே பக்கத்தில் ஸ்கோர் ஆப்பைத் திறந்து வைக்காதீர்கள், கோல் விழுவதற்கு முன்பே அது சொல்லிவிடும். ஜூன் 28 ஞாயிறை முழுசாக ஒதுக்குங்கள், 2:30க்கு எல் குரூப், 5 மணிக்கு கே குரூப், 7:30க்கு ஜே குரூப். சனி மதியம் நன்றாகத் தூங்கி எழுந்தால் மூன்றையும் பார்க்கலாம். மூன்றாமிடக் கணக்குகள் அத்தனையும் அன்று காலை 9:30 வாக்கில்தான் தீரும்.

நாக் அவுட்டுக்கு இரண்டு தேதி எழுதுங்கள்

பலரும் செய்யாதது இது. உங்கள் அணி குரூப்பில் முதலிடம் வந்தால் ஒரு நாள், இரண்டாமிடம் வந்தால் வேறு நாள், வேறு ஊர், வேறு நேரம். இரண்டும் இப்போதே முடிவாகியிருக்கிறது. அர்ஜென்டினா முதலிடம் வந்தால் ஜூலை 3 மயாமியில், நமக்கு ஜூலை 4 சனி விடியற்காலை 3:30. இரண்டாமிடம் என்றால் ஒரு நாள் முன்னாடியே, லாஸ் ஏஞ்சலஸில். பிரேசில் இருக்கும் சி குரூப்பின் முதலிடம் ஹூஸ்டனில் ஜூன் 29 திங்கள் ராத்திரி 10:30க்கு ஆடும், இரண்டாமிடம் மான்டெர்ரேயில், நமக்கு 30 செவ்வாய் காலை 6:30. தாளில் இரண்டையும் பென்சிலால் எழுதுங்கள், குரூப் முடிந்ததும் ஒன்றை அழித்துவிட்டு மற்றதைப் பேனாவால் எழுதுங்கள். லீவு கேட்பதும் இப்படித்தான், "இரண்டு நாளில் ஒரு நாள் தாமதமாக வருவேன், 28ஆம் தேதி உறுதியாகச் சொல்கிறேன்" என்று முன்கூட்டியே சொன்னால் பெரும்பாலான இடங்களில் ஒத்துக்கொள்வார்கள். கடைசி நேரத்தில் காய்ச்சல் என்று சொல்வது வேண்டாம், மறுநாள் எல்லோருக்கும் தெரிந்துதான் இருக்கும்.

ஸ்பெயினும் அர்ஜென்டினாவும் தத்தம் குரூப்பில் முதலிடம் வந்தால் இறுதிப் போட்டி வரை சந்திக்காதபடி அட்டவணையை அமைத்திருக்கிறார்கள். பிரான்ஸும் இங்கிலாந்தும் அதே மாதிரி எதிரெதிர்ப் பாதியில். அதனால் பெரிய மோதல்கள் கடைசி இரண்டு வாரத்துக்கு என்று எதிர்பார்த்து சக்தியைச் சேமித்து வையுங்கள்.

ரவுண்ட் ஆஃப் 32 புதிய சுற்று, அங்கே ஜூன் 28 முதல் ஜூலை 3 வரை. ரவுண்ட் ஆஃப் 16 ஜூலை 4 முதல் 7 வரை. காலிறுதிகள் நமக்கு ஜூலை 9 வியாழன் ராத்திரி 1:30, 10 வெள்ளி ராத்திரி 12:30, 11 சனி ராத்திரி 2:30, அப்புறம் 12 ஞாயிறு காலை 6:30. இடையில் மேட்சே இல்லாத நாட்கள் வரும், ஜூலை 8 ராத்திரி, 12, 13 ராத்திரிகள், 16, 17 ராத்திரிகள். அந்த நாட்களில் சினிமா, ஊர்சுற்றல் என்று எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். பட்ட தூக்கக் கடனைத் திருப்பிக் கட்டும் நாட்கள் அவை.

ஒரு மேட்சுக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குவது

90 நிமிடம், இடைவேளை 15 நிமிடம் என்று கணக்குப் போட்டால் தவறு. இந்த முறை ஒவ்வொரு பாதியிலும் 22ஆவது நிமிடம் வாக்கில் தண்ணீர் குடிக்க மூன்று நிமிட இடைவெளி, எல்லா மேட்சுக்கும், வெயில் இருந்தாலும் இல்லாவிட்டாலும். கத்தாரில் பார்த்த மாதிரி ஸ்டாப்பேஜ் டைமும் (ஆட்டம் நின்ற நேரத்துக்கு ஈடாகக் கூட்டித் தரும் நிமிடங்கள்) நீளும், இங்கிலாந்து – ஈரான் மேட்சில் இரண்டு பாதியும் சேர்த்து 25 நிமிடத்துக்கு மேல் போனது. ஆக இரண்டு மணி நேரம் நிச்சயம். நாக் அவுட் என்றால் எக்ஸ்ட்ரா டைம், பெனால்டி எல்லாம் சேர்த்து மூன்று மணி நேரம். காலை 6:30 மேட்ச் பெனால்டி வரை போனால் 9:30 ஆகிவிடும், 9 மணிக்கு அலுவலக மீட்டிங் வைத்திருந்தால் அதை 11க்குத் தள்ளுங்கள்.

மின்னலையும் கணக்கில் எடுங்கள். அமெரிக்காவில் மைதானத்துக்கு எட்டு மைல் சுற்றளவில் மின்னல் வெட்டினால் ஆட்டத்தை 30 நிமிடம் நிறுத்துவது வழக்கம், மறுபடி மின்னினால் அந்த 30 நிமிடம் முதலிலிருந்து ஆரம்பிக்கும். 2025 கிளப் உலகக் கோப்பையில் பல மேட்ச் இப்படி நின்றது. சார்லட் நகரில் செல்சி – பென்ஃபிகா மேட்ச் முடியப்போகிற நேரத்தில் நின்று, ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கழித்துத் தொடர்ந்து, எக்ஸ்ட்ரா டைமும் போய், தொடங்கியதிலிருந்து முடிய 4 மணி 38 நிமிடம் ஆனது. கூரையை மூடக்கூடிய அட்லாண்டா, டாலஸ், ஹூஸ்டன், வான்கூவர் மைதானங்களில் இந்தப் பயம் குறைவு. மயாமி, கன்சாஸ் சிட்டி, ஃபிலடெல்ஃபியா, நியூ ஜெர்சி எல்லாம் திறந்தவெளி. மயாமியில் கோடை மழை சாதாரணம். இப்படி நின்றால் என் அறிவுரை, 25 நிமிடத்துக்கு அலாரம் வைத்துவிட்டுக் கண்ணை மூடுங்கள். விழித்துக்கொண்டு ஸ்டுடியோப் பேச்சைக் கேட்பதால் ஒன்றும் கிடைக்கப்போவதில்லை.

அலாரம், வீடு, அக்கம்பக்கம்

2014 ஜூலை 9, பிரேசில் – ஜெர்மனி அரையிறுதி, நமக்கு அதிகாலை 1:30. அதற்கு முந்தைய ராத்திரிகளில் தேவையில்லாத குரூப் மேட்ச் எல்லாவற்றையும் விடாமல் பார்த்து உடம்பு தளர்ந்திருந்தது. 11 மணிக்குப் படுத்தேன், அலாரம் சரியாக 1:30க்கு. அடித்தது தெரியும், அணைத்ததும் தெரியும், மறுபடி கண் விழித்தபோது 2:05. டிவியைப் போட்டேன், 5–0. உலகக் கோப்பை வரலாற்றிலேயே யாரும் பார்த்திராத ஆறு நிமிடங்கள், 23இலிருந்து 29 வரை நான்கு கோல், நான் தலையணையில் இருந்தபோது போய்விட்டன. ரீப்ளே எத்தனை முறை பார்த்தாலும் அந்தத் திகைப்பு எனக்குக் கிடைக்கவில்லை, அது இன்னும் வலிக்கிறது. அன்றிலிருந்து அலாரம் அரை மணி நேரம் முன்னாடி, போன் கட்டிலுக்குப் பக்கத்தில் அல்ல, டிவி இருக்கும் அறையில். கூடவே ஒரு நண்பனோடு ஒப்பந்தம்: கிக் ஆஃபுக்குப் பத்து நிமிடம் முன்னால் ஒருவருக்கொருவர் போன் அடிப்போம், எடுக்கும்வரை விடமாட்டோம்.

பள்ளிக்கூடம் ஜூனில் திறந்துவிடும், குழந்தைகளுக்கு நடுராத்திரி மேட்ச் வேண்டவே வேண்டாம். அவர்களுக்கென்று ஞாயிறு காலை மேட்சுகளைக் குறித்துக் கொடுங்கள், அதோடு 9:30 மணி ராத்திரி மேட்சின் முதல் பாதி. ஜூன் 14 ஞாயிறு காலை 9:30க்குக் கூட ஒன்று இருக்கிறது, ஆஸ்திரேலியா ஆடுவது, வான்கூவரில். இட்லி சாப்பிட்டுக்கொண்டே குடும்பத்தோடு உலகக் கோப்பை மேட்ச் பார்ப்பது எத்தனை முறை வாய்க்கும்.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் 1:30 மேட்சுக்கு ஹெட்ஃபோன் போடுங்கள், கோல் விழுந்தால் கத்தாமல் இருக்க முடியாது என்று தெரிந்தால் பக்கத்து வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நடுராத்திரியில் புரோட்டா, பிரியாணி எல்லாம் வேண்டாம், காலையில் வயிறு சொல்லும். ஃபிளாஸ்கில் கட்டன் சாயா, கொஞ்சம் சுண்டலோ வேர்க்கடலையோ போதும். எந்தச் சேனல், எந்த ஆப் என்பதை ஒரு வாரம் முன்பே உறுதிசெய்து ரீசார்ஜ் செய்து, ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். தொடக்க மேட்ச் ஓடும்போது பாஸ்வேர்டு தேடிக்கொண்டிருக்கக் கூடாது. கரண்ட் போனால் பார்க்க போனில் சார்ஜும் டேட்டாவும் இருக்கட்டும். விட்ட மேட்சைக் காலையில் முழுசாகப் பார்க்க நினைத்தால் வாட்ஸ்அப்பை, யூடியூபைத் தொடாதீர்கள், முதல் படத்திலேயே ஸ்கோர் தெரிந்துவிடும்.

எங்கள் ஊர் குமரிக் கடற்கரை. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கம் கால்பந்து இல்லாத தெருவே கிடையாது. மேற்குக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடை, அதனால் ஆழ்கடலுக்குப் போகிற பிள்ளைகள் எல்லாம் இந்தக் கோப்பை முழுக்கக் கரையில் இருப்பார்கள். சென்னையில் தனியாக உட்கார்ந்து பார்ப்பதை அதோடு ஒப்பிடவே முடியாது. அதனால் என் லீவையெல்லாம் குரூப் கட்டத்தில் சில்லறையாக உடைக்காமல் கடைசிக்குச் சேர்த்து வைத்திருக்கிறேன். உங்களுக்கும் அப்படி ஒரு ஊர், ஒரு திரை, ஒரு கூட்டம் இருந்தால் அங்கே போய்ச் சேரும் தேதியை முதலில் குறித்துவிட்டு மற்றதைத் திட்டமிடுங்கள்.

அரையிறுதிகள் நமக்கு ஜூலை 14 செவ்வாய் ராத்திரி 12:30, ஜூலை 15 புதன் ராத்திரி 12:30. அடுத்தடுத்த ராத்திரி வேண்டாம் என்றேன், இந்த ஒரு முறை விதிவிலக்கு, 12, 13 ஆகிய இரண்டு ராத்திரியும் நன்றாகத் தூங்கியிருந்தால் தாங்கும். மூன்றாமிட மேட்சை நான் பார்ப்பதில்லை, அது சனி ராத்திரி 2:30, அன்றைக்குத் தூங்குவதுதான் இறுதிப் போட்டிக்கான தயாரிப்பு. இறுதிப் போட்டி நியூ ஜெர்சியில், நமக்கு ஜூலை 19 ஞாயிறு ராத்திரி 12:30, அதாவது 20 திங்கள் அதிகாலை. இடைவேளையில் இசை நிகழ்ச்சியும் இருக்கிறது, எனவே பெனால்டி வரை போனால் நான்கு மணி ஆகிவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு மதியம் சாப்பிட்டதும் மூன்று மணி நேரம் தூங்குங்கள். நான் திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் லீவு போட்டாயிற்று, சனி காலை நாகர்கோவில் போய் இறங்கும்படி வெள்ளி ராத்திரி ரயிலில் டிக்கெட்டும் எடுத்தாயிற்று.